அரிட்டாபட்டி என்பது 193 ஹெக்டேர் மட்டும்தானா?

மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி. மழை பெய்தால், மொட்டைப் பாறையில் விழும் தண்ணீர் சுனைகளில் தேங்கும். மிச்சம் ஓடையாக இறங்கிக் கண்மாய் சேரும். மடை திறந்தால் வயலுக்குப் பாயும். இங்குள்ள ஏழு மலைகளும் 72 கண்மாய்களுக்கும் 200 சுனைகளுக்கும் நீராதாரம் என்று அரசே பதிவு செய்திருக்கிறது. மலையில் தேவாங்கும் வல்லூறும் வாழ்கின்றன. சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன.

2022 நவம்பரில் இது தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேருக்கு மட்டுமே. இரண்டு ஆண்டுகள் நிறையும் முன்பே, அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஏலம் விட்டது. டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023 சட்டத் திருத்தம் ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருந்தது.

எதிர்ப்பு எழுந்ததும் 2024 டிசம்பரில் அமைச்சகம் ஒரு வழி சொன்னது. பாரம்பரியத் தலம் தொகுதியில் ஏறக்குறைய பத்து விழுக்காடுதான். அதை விலக்கி எல்லையை மறுவரையறை செய்யலாமா என்று ஆராயச் சொன்னது. பல்லுயிர்க் கொள்கையின் பெரிய ஓட்டை இதுதான். வல்லூறு கூடு கட்டும் பாறைக்கு வேலி போட்டுவிட்டு, அது இரை தேடும் மேய்ச்சல் காட்டையும் பாறைத் தண்ணீர் போய்ச் சேரும் கண்மாயையும் வெளியே விட்டுவிடுகிறோம். அந்தக் கண்மாயை நம்பி நாற்று நடுகிறவர்களும், தரிசில் ஆடு மேய்க்கிறவர்களும் எல்லை வரையும் மேசைக்கு அழைக்கப்படுவதே இல்லை.

மேலூர் மக்கள் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. கோடு மாற்ற வேண்டாம், திட்டமே வேண்டாம் என்றார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கித் திரண்டார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

ஒவ்வோர் ஊருக்கும் இவ்வளவு பெரிய போராட்டம் கைகூடாது. ஆனால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி கிராம ஊராட்சிகளிலும் நகர உள்ளாட்சிகளிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அது தயாரிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் கண்மாயும் மேய்ச்சல் தரையும் ஓடையும் ஏறியிருக்கின்றனவா? அடுத்த கிராம சபையில் கேளுங்கள். ஏறவில்லை என்றால், அங்கேயே எழுத வையுங்கள்.