ஸ்லோவை ஏற்றாதீர்கள், பில்லை விடாதீர்கள்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் சிறிய பெட்ரோல் சரக்கு வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். நிறுத்தியதும் இன்ஜின் உதறி ஆஃப் ஆகும். "அண்ணே, ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்பார் டிரைவர். மெக்கானிக்கும் த்ராட்டில் ஸ்குரூவைத் திருகி, ஸ்லோ எனப்படும் ஐடில் வேகத்தை ஏற்றி அனுப்பிவிடுவார்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது காற்றை அளந்து விடுவது ஐடில் வால்வு; புது வண்டிகளில் தட்டையே மோட்டார் நகர்த்தும். இன்ஜின் சூடு, ஏசி சுமை எல்லாம் பார்த்து, சூடான இன்ஜினை இசியு என்னும் கட்டுப்பாட்டுக் கணினி சுமார் 700 முதல் 900 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும். த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலோ வேக்யூம் குழாய் கசிந்தாலோ அந்தப் பிடி நழுவும். ஸ்குரூ கரியையும் எடுக்காது, கசிவையும் அடைக்காது.

பாச்சலூரிலிருந்து வடகாட்டுக்கு மலைப்பாதையில் லோடோடு இறங்கும்போது வினை தெரியும். ஸ்லோ ஏற்றிய வண்டியில் இன்ஜின் பிடிப்பு குறைந்து பிரேக் காயும். ஐடில் கெட்ட வண்டி நியூட்ரலில் ஆஃப் ஆனால், பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வேக்யூம் ஓரிரு மிதிக்குத்தான். பிறகு பெடல் இறுகிவிடும். நியூட்ரலில் இறங்காதீர்கள். ஆஃப் ஆனாலும் சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் வண்டியின் புகைப் பரிசோதனையிலும் ஐடில் அளவு உண்டு. புகைக்குழாயில் சோதனைக் கம்பியை விடாமலே சான்று நீட்டும் மையங்களும் உண்டு, கண்டுகொள்ளாத அதிகாரிகளும் உண்டு. தாளில் உள்ள கார்பன் மோனாக்சைடு அளவைப் படித்துப் பாருங்கள். மாசு விதியை மீறினால் சட்டப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை.

மெக்கானிக் காசு வாங்கியும் கோளாறு தீரவில்லையா? சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். ஜாப் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், பில், கழற்றிய பழைய பாகம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். ஜாப் கார்டில் "நிறுத்தினால் ஆஃப் ஆகிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ்; 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

சரக்கு வண்டிக்காரர்கள் கோட்டைவிடுவது ஓரிடத்தில்: "பிழைப்புக்காக நானே ஓட்டும் சுயதொழில் வண்டி" என்று மனுவில் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால், வணிக உபயோகம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். மனுப் போடக் கெடு இரண்டு ஆண்டு. பில் இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.