எபிசோடு 41: கடையில உட்கார்ந்த ரெண்டு வருஷத்தை ரெஸ்யூம்ல எப்படி எழுதுறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன மாசம் எங்க டீமுக்கு ஒரு ஜூனியர் டெவலப்பர் எடுக்க வேண்டியிருந்தது. எச்.ஆர். ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணி, "வெள்ளிக்கிழமைக்குள்ள இதுல எட்டுப் பேரைப் பொறுக்கிக் குடுங்க"ன்னாங்க. உள்ளே 143 ரெஸ்யூம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் பத்தை வரி வரியா படிச்சேன், நல்ல பிள்ளையா. நாற்பதாவதுக்கு வந்தப்போ என்னை நானே கவனிச்சேன். முதல் பக்கத்துல மேல் பாதியை மட்டும் பார்த்துட்டு, அரை நிமிஷத்துல வச்சுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிட்டு இருந்தேன்.

அதே வாரம் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணான். பேர் வேணாம், தம்பின்னே சொல்றேன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசுறேன். 2023-ல மெக்கானிக்கல் முடிச்சவன். பிளேஸ்மென்ட்ல எதுவும் அமையல. துறையூர் பக்கம் அப்பாவோட ஹார்டுவேர் கடையில உட்கார்ந்துட்டான். கூடவே பைத்தான் கத்துக்கிட்டு, ராத்திரி ராத்திரி நௌக்ரியிலயும் லிங்க்ட்இன்லயும் அப்ளை பண்ணிட்டு இருந்திருக்கான். ஒரு கால் கூட வரல. இப்போ ஒரு கன்சல்டன்சிக்காரன் 80 ஆயிரம் கேக்குறான். கட்டினா ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட், சாலரி ஸ்லிப், ரெஸ்யூம் எல்லாம் ரெடி பண்ணித் தருவானாம்.

"அண்ணா, அப்பா பணம் தர்றேன்னு சொல்லிட்டாரு. கட்டிடட்டுமா?"

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான்.

முதல்ல அந்த 80 ஆயிரம். வேணாம்னு சொன்னேன். நியாயம் அநியாயத்தை விடுங்க, அது எப்படி மாட்டும்னு பார்ப்போம். இ.பி.எஃப்.ஓ. 2014-ல யு.ஏ.என். நம்பரைக் கொண்டு வந்தாங்க. பி.எஃப். பிடிக்கிற எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதே நம்பர்தான் கூட வரும். எந்தக் கம்பெனியில எந்தத் தேதியில சேர்ந்தீங்க, எப்போ விலகினீங்கன்னு சர்வீஸ் ஹிஸ்டரி அதுல வரிசையா இருக்கும். பெரிய கம்பெனிகள்ல பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பண்றவங்க இதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாங்க. சர்டிஃபிகேட்ல இருக்கிற கம்பெனி அங்க இல்லேன்னா கேள்வி வரும். அந்தச் சோதனை பல நேரம் வேலையில சேர்ந்த பிறகுதான் முடியும். அப்போ வெளிய அனுப்பினா, ரெஸ்யூம்ல நிஜமாவே ஒரு ஓட்டை விழும்.

சரி, இருக்கிற ரெஸ்யூமை அனுப்புடான்னேன். ரெண்டு பக்கம். முதல் வரி, "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்"ங்கிற கேரியர் அப்ஜெக்டிவ். (எல்லாம் இங்கிலீஷ்லதான் இருந்தது, நான் தமிழ்ல சொல்றேன்.) அடுத்தது பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க் டேபிள். அதுக்குக் கீழ ஃபைனல் இயர் புராஜெக்ட்: ஐ.ஓ.டி. ஸ்மார்ட் டஸ்ட்பின். அந்த 143-ல மட்டும் ஆறு ஸ்மார்ட் டஸ்ட்பின் பார்த்தேன். தமிழ்நாட்டுல எவ்வளவு புத்திசாலியான குப்பைத்தொட்டிகள் இருக்குன்னு நினைச்சு சிரிச்சேன். அப்புறம்தான் என்னோட ஃபைனல் இயர் புராஜெக்டும் புராஜெக்ட் சென்டர்ல வாங்கினதுன்னு ஞாபகம் வந்துச்சு.

கடைசியில அப்பா பேரு, பிறந்த தேதி, திருமணம் ஆகாதவர், பொழுதுபோக்கு பாட்டு கேட்பது, "மேற்கண்ட தகவல்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்", இடம், தேதி, கையெழுத்து. இது பழைய பயோடேட்டாவோட மிச்சம். அரசு வேலைக்கு அவங்களே ஃபார்ம் குடுத்துடுவாங்க. கல்ஃப் வேலைக்குப் போட்டோ, நாடு, விசா நிலவரம் எல்லாம் கேக்குறது வழக்கம், போட்டுக்கங்க. அமெரிக்க, பிரிட்டன் கம்பெனிகளுக்குப் போட்டோவும் வயசும் போடவே கூடாது. இங்க ஐ.டி. வேலைக்கு போன் நம்பர், மெயில், ஊர், லிங்க் இருந்தா போதும். மீதி இடத்துக்கு வேற வேலை இருக்கு.

"கடையில நீ என்னடா பண்ற?"

"சும்மா பில் போடுறேன்ணா."

"எதுல போடுற?"

அங்கதான் கதை வெளிய வந்துச்சு. அப்பா கடன் நோட்டும் கார்பன் பேப்பரும் வச்சு ஓட்டின கடை. இவன் முதல்ல எக்செல்ல ஸ்டாக் ஏத்திருக்கான். அப்புறம் அது தாங்காம பைத்தான், எஸ்.க்யூ.லைட் வச்சு ஒரு புரோகிராம் எழுதியிருக்கான். ஏறக்குறைய 1,800 அயிட்டம். 2024 ஜூன்ல இருந்து கடை அதுலதான் ஓடுது. பி.வி.சி. பைப் முழு நீளமா வரும், விக்கிறது அடிக்கணக்குல. வெட்டின துண்டை ஸ்டாக்ல எப்படிக் காட்டுறதுன்னு மூணு வாரம் மண்டையை உடைச்சிருக்கான். லாரியில வந்த சரக்குக்கு பில் ஏத்துறதுக்குள்ள பாதி வித்துடும், ஸ்டாக் மைனஸ்ல போயிடும். அதுக்கும் ஒரு வழி பண்ணியிருக்கான்.

இதுல ஒரு எழுத்து கூட ரெஸ்யூம்ல இல்ல! "ஏன்டா போடல?"ன்னா, "கடைதானேண்ணா, கம்பெனி இல்லையே"ங்கிறான்.

மக்களே, ரெஸ்யூமைப் படிக்கிறவன் மனசுல ஒரே கேள்விதான் ஓடும். "இவரோட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாமா?" அதுக்குப் பதில் சொல்ற விஷயம் மேல் பாதியில இருக்கணும். அந்த ராத்திரி எனக்கு இந்தக் கடை ரெஸ்யூம் வந்திருந்தா, டஸ்ட்பினைப் பார்த்துட்டு நானும் தள்ளிவிட்டிருப்பேன். அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

அதனால மாத்தினோம். "அனுபவம்"னு தலைப்பு. கடையோட பேரு, ஊரு, 2023-லிருந்து இன்று வரை. பதவி என்ன போடுறதுன்னு கொஞ்ச நேரம் சண்டை. "சாஃப்ட்வேர் டெவலப்பர்"னு போடலாம்னான். வேணாம், "குடும்பக் கடை: கவுண்டர், ஸ்டாக் மென்பொருள்"னே போடு, நிஜம் அதுதான்னேன். கீழ மூணு வரி. என்ன பிரச்சனை இருந்துச்சு, என்ன செஞ்ச, இப்போ எப்படி இருக்கு. முன்னாடி மாசக் கடைசியில கடன் கணக்குப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா போகும், இப்போ பத்து நிமிஷம். இது ஒரு வரி. பைப் கதை ஒரு வரி. மைனஸ் ஸ்டாக் ஒரு வரி. டஸ்ட்பின்னைத் தூக்கிட்டோம்.

இங்க ஒண்ணு சொல்லணும். "நம்பர் போடுங்க"ன்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. சாட்ஜிபிடியும் கேக்காமலே போட்டுக் குடுக்கும். அந்த 143-ல பாதிப் பேர் எதையாவது 40 சதவீதம் முன்னேத்தியிருந்தாங்க. இன்டர்வியூவுல ஒருத்தர்கிட்ட "எதுல 40 சதவீதம், முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"ன்னு கேட்டேன். அவர் கண்ணு ஸ்கிரீனோட இன்னொரு மூலைக்குப் போயிடுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல, பாவமா இருந்துச்சு. என்னோட முதல் ரெஸ்யூம்ல நானும் "மெஷின் லேர்னிங்"னு ஒரு வார்த்தை போட்டிருந்தேன், ஒரு வாரக் கோர்ஸை நம்பி. முதல் கேள்வியே அதுலதான் வந்துச்சு. இருபது நிமிஷம் அந்த ஏ.சி. ரூம்ல வேர்த்துச்சு. ரெஸ்யூம்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் அஞ்சு நிமிஷம் பேச முடியுமான்னு வாய்விட்டுப் பேசிப் பாருங்க. முடியலேன்னா அந்த வரியை எடுத்துடுங்க.

அடுத்து ஏ.டி.எஸ். பத்தி நிறைய பயமுறுத்தி வச்சிருக்காங்க. "உங்க ஸ்கோர் 54, காசு கட்டினா 92 ஆக்குறோம்"னு சைட்டுகள் வேற. ஏ.டி.எஸ்.ங்கிறது அடிப்படையில ஒரு டேட்டாபேஸ். உங்க ஃபைலைப் பிரிச்சு பேரு, நம்பர், ஸ்கில்லை எடுத்து வச்சுக்கும். ரெக்ரூட்டர் அதுல தேடுவாங்க, வடிகட்டுவாங்க. சில சாஃப்ட்வேர் பொருத்தம் பார்த்து வரிசைப்படுத்தியும் காட்டும். ஆனா நிறைய பேர் விழுறது ஃபார்ம்ல கேக்குற கேள்விகள்லதான்: நோட்டீஸ் பீரியட், எந்த ஊர், எந்த பேட்ச், எல்லாத்துலயும் 60 சதவீதமா, அரியர் நிலுவையில இருக்கா. "2025 பேட்ச் மட்டும்"னு வடிகட்டி வச்சா, தம்பியோட ரெஸ்யூம் எவ்வளவு நல்லா இருந்தாலும் யாரும் திறக்க மாட்டாங்க. இதை ரெஸ்யூமால சரி பண்ண முடியாது.

ஃபைல் பக்கம் நம்ம கையில இருக்கிறதை மட்டும் பார்த்துக்குவோம். உங்க பிடிஎஃப்-ஐத் திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. ரெண்டு காலம் டெம்ப்ளேட்னா இடது பக்க வரியும் வலது பக்க வரியும் கலந்து வர வாய்ப்பிருக்கு. போன் நம்பர் பக்கத்துல ஐகான் போட்டிருந்தா ஏதோ கட்டம் கட்டமா வரும். கேன்வாவுல செஞ்சு இமேஜா சேவ் பண்ணியிருந்தா எதுவுமே வராது. நோட்பேட்ல ஒழுங்கா வந்தா ஓரளவு நிம்மதியா இருக்கலாம். ஜாவாவுக்கு நாலு ஸ்டார் போடாதீங்க, யாரு குடுத்த ஸ்டார்னு தெரியாது. வேலை விளம்பரத்தை அப்படியே வெள்ளை எழுத்துல ஒளிச்சு வைக்கிற வேலையும் வேணாம். பிரிச்செடுத்த டெக்ஸ்ட்ல அது அப்பட்டமா தெரியும், நானே ஒண்ணு பார்த்தேன்.

இனி கவரிங் லெட்டர். இங்க பெரும்பாலும் அது தனி லெட்டரா இருக்காது, மெயில்ல எழுதுற நாலஞ்சு வரிதான். "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம், ரெஸ்யூம் இணைத்துள்ளேன்"னு ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு சிசி போட்டு அனுப்புறவங்களும் இருக்காங்க. ஐம்பது பேரும் மத்த நாற்பத்தொன்பது பேரையும் பார்ப்பாங்க.

லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதின லெட்டரோட வரைவு இன்னும் இருக்கு. இதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. எனக்கு அதுல பிடிச்சது வரிசை. எடுத்தவுடனே தூக்கிட்டுப் போற பாலம், முற்றுகை, பீரங்கின்னு வரிசையா போகுது. சமாதான காலத்துக்கான கட்டடக்கலை பத்தாவது பாயிண்ட். ஓவியமும் வரைவேன்ங்கிறது அதோட சேர்ந்து கடைசியில வருது. படிக்கிறவருக்கு அப்போ என்ன தேவைன்னு பார்த்து எழுதின லெட்டர் அது.

தம்பியும் அதே மாதிரி, கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற சின்னக் கம்பெனிகளைத் தேடினான். கோயம்புத்தூர், சென்னை, மதுரைன்னு நாலு கிடைச்சுது. அவன் எழுதினது கிட்டத்தட்ட இப்படி:

"உங்கள் பில்லிங் மென்பொருளின் டெமோவைப் பார்த்தேன். நான் இரண்டு வருடமாக அப்பாவின் ஹார்டுவேர் கடையில் கவுண்டரில் இருக்கிறேன். ஸ்டாக்குக்கும் கடன் கணக்குக்கும் பைத்தானில் நான் எழுதிய புரோகிராமில்தான் 2024 ஜூனிலிருந்து கடை நடக்கிறது. அடிக்கணக்கில் விற்கும் பைப்பை ஸ்டாக்கில் காட்ட நான் பட்ட பாடு உங்கள் டீமுக்கும் தெரிந்திருக்கும். 2023-ல் மெக்கானிக்கல் முடித்தேன், கம்பெனி அனுபவம் இல்லை. கோடு இந்த லிங்க்கில் இருக்கிறது. ஓடுவதைக் காட்ட அரை மணி நேரம் கொடுத்தால் போதும்."

கடைசியிலிருந்து மூணாவது வரியை வைக்கவே மாட்டேன்னான். "நாமளே எதுக்குண்ணா காட்டிக் குடுக்கணும்?" தேதியைப் பார்த்தா எப்படியும் தெரியப்போகுது. தெரியப்போற விஷயத்தை ஒரே வரியில நாமளே சொல்லிட்டா, மீதி லெட்டரை நம்பிப் படிப்பாங்க. நீட்டி வருத்தப்பட்டு எழுதினாத்தான் அது பெருசாத் தெரியும். ரெஸ்யூம் என்ன செஞ்சோம்னு சொல்லும், ஏன் இங்க அப்ளை பண்றோம்னு சொல்ல அதுல இடமே கிடையாது. அந்த இடம் இந்த மெயில்தான். ஃபைல் பேரையும் கவனிங்க. அவன் அனுப்ப இருந்தது "ரெஸ்யூம் ஃபைனல் நியூ 3". பேரும் வேலையும் வர்ற மாதிரி மாத்தினோம்.

நாலு மெயில் போச்சு. ரெண்டுக்குப் பதிலே இல்ல. ஒண்ணு "இப்போ ஆள் எடுக்கல". நாலாவது கம்பெனிக்காரர் வீடியோ கால்ல கூப்பிட்டிருக்கார். கடையில இருந்தே பேசியிருக்கான், பின்னாடி யாரோ ஒருத்தர் அரை இஞ்ச் எல்போ கேட்டுட்டு நிக்கிறார். மைனஸ் ஸ்டாக்கை எப்படிச் சமாளிச்சேன்னு கேட்டிருக்கார். இருபது நிமிஷம் பேசியிருக்கான். அந்த வாடிக்கையாளருக்கு அப்பா எல்போ எடுத்துக் குடுத்துட்டு, பில் போடத் தெரியாம பக்கத்துல காத்துட்டு இருந்தாராம்.

ரிசல்ட் இன்னும் வரல. 80 ஆயிரம் அப்பா அக்கவுண்ட்லதான் இருக்கு. இப்போ அவருக்கு பில் போடக் கத்துக் குடுத்துட்டு இருக்கான்.