கட்டிலடி டின்

செம்பூரில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கிறது. முறுக்கு போட்டு வைக்க என் மனைவி பத்திரப்படுத்தியது. இப்போது திறந்தால் ரப்பர் வாடையும் கிரீஸ் வாடையும்தான் வரும்.

1996-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்களிடம் ஓடுகிறது. அந்த மாடல் தயாரிப்பே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்துகொண்டு காம்பவுண்டில் நிற்பவன் நான். குர்லா பக்கம் போனால் ஏதாவது ஒரு ஸ்பேர் வாங்காமல் வரமாட்டேன். ஆனால், ஸ்பேர் வைத்திருப்பது வேறு, அது சமயத்துக்கு உதவுவது வேறு என்பதை 2003 மே மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

நாசிக் போய்க்கொண்டிருந்தோம். கசாரா மலைப்பாதையில் ஏறும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. சற்று நேரத்தில் டெம்பரேச்சர் முள்ளும் மேலே போயிற்று. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. (மாருதியில் ஃபேன் மின்சாரத்தில் சுற்றுகிறது. பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும்தான். ஆனாலும் அதற்குப் பெயர் ஃபேன் பெல்ட்!) நான் பதறவில்லை. டிக்கியில் புத்தம்புது பெல்ட் இருந்ததே!

ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, முடிந்த மட்டும் உள்ளே தள்ளியும் பெல்ட் ஏறவில்லை. நீளம் போதவில்லை. கடைக்காரர் வேறு ஏதோ வண்டியின் பெல்ட்டைக் கொடுத்திருக்கிறார். நானும் ஆறு வருஷமாகப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

பொழுது சாய்ந்துவிட்டது. லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. இரண்டு குழந்தைகள். மாமியாருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கொண்டுவந்த புளியோதரையை ஷாஹாபூரிலேயே தீர்த்துவிட்டோம். அவர்களை அங்கேயே விட்டு, ஒரு லாரியில் ஏறி இகத்புரி போய் மெக்கானிக்கைக் கூட்டிவர மூன்று மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மாமியார் கை நடுங்க, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் பையிலிருந்த ஒரு சாக்லேட்தான் அதுவரை அவரைத் தாங்கியது.

அந்த மெக்கானிக் என் புது பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "புதுசை வண்டியில் மாட்டுங்கள் சாப். ஓடின பழசை, நன்றாயிருக்கும்போதே கழற்றி டிக்கியில் வையுங்கள்" என்றார் இந்தியில்.

அன்றிலிருந்து பெல்ட், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் மூன்றுக்கும் அதே முறைதான். புதியது பொருந்துகிறதா என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். டிக்கியில் இருப்பது ஏற்கெனவே அந்த வண்டியில் ஓடியது. மாற்றும் வேலையும் ஒருமுறை கைக்குப் பழகிவிடுகிறது. எந்த ஸ்பானர் வேண்டும் என்பதும் தெரிகிறது. கழற்றிய பெல்ட்டை உள்பக்கம் மடித்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். ரப்பர் சும்மா இருந்தாலும் வயதாகும். வெயில் படாமல், இறுக்கி மடிக்காமல் வைக்க வேண்டும். மேலே வாங்கிய தேதியை எழுதி ஒட்டிவிடுகிறேன்.

பிளக், ஃபியூஸ், பல்பு இவை கெடாத சாமான்கள். மூன்று சிலிண்டர் வண்டியானதால் பிளக் மூன்று போதும். பிரேக் ஆயில் மட்டும் திறந்த டப்பாவைச் சேர்த்து வைக்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மலை இறங்கும்போது, பிரேக் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். நான் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். காசு போகிறதே என்று வீட்டில் ஒரு முறை சண்டைகூட வந்தது.

டிக்கியில் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கிறது. அதைத் தேதி பார்த்து மாற்றுவது என் மனைவி.