மொழிபெயர்ப்பாளர் செய்த சொல்லில்லாப் புத்தகம்

பெல்ஜியத்தில் 1889இல் பிறந்த பிரான்ஸ் மசரீல், முதலாம் உலக யுத்த காலத்தில் ஜெனீவா போய், செஞ்சிலுவைச் சங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பத்திரிகையில் யுத்தத்துக்கு எதிராகப் படமும் வரைந்தார். மொழிக்கு மொழி சொல்லைச் சுமந்த இதே மனிதர்தான் மொழிபெயர்ப்பே வேண்டாத புத்தகங்களைச் செய்தவர்.

1919இல் வந்த அவரது நூலுக்கு, கிறிஸ்தவர்கள் வேளைக்கு வேளை ஓதும் ஜெபநூலின் பெயரையே வைத்தார். எங்கட வக்துகளை நினைத்துக்கொண்டால் விளங்கும். உள்ளே ஒரு வசனமும் கிடையாது. 167 மரச்செதுக்குப் படங்கள் மட்டும். ஒருவன் ரயிலில் நகரத்துக்கு வருகிறான், காதலிக்கிறான், அழுகிறான், தொழிலாளரோடு சேருகிறான், கடைசியில் காட்டில் மௌத்தாகிறான்.

பலகையில் உளி பட்ட இடம் அச்சில் வெள்ளையாகும். படாத இடம் மை வாங்கிக் கறுக்கும். இடையில் சாம்பல் நிறம் இல்லை. அந்த முகத்தில் இருப்பது கவலையா, களைப்பா? முன்படத்தையும் பின்படத்தையும் பார்த்து நாமேதான் முடிவெடுக்க வேணும். 'ஆசிரியர் கூறும் கருத்து யாது' என்ற கேள்விக்குக் குறிப்பெழுதிப் பழகிய எங்கட பிள்ளைகளுக்கு இது லேசில்லை. எனக்கும்தான்.

ஜேர்மனியில் படிக்க வந்த அமெரிக்கர் லிண்ட் வார்ட் மசரீலின் நூலொன்றைக் கண்டார். 1929இல் 139 செதுக்குகளால் தானும் ஒன்று செய்தார். நாஜிகளோ ஆட்சிக்கு வந்ததும் மசரீலைத் தடைசெய்தார்கள். வெட்டுவதற்கு ஒரு வரியும் இல்லையே, முழுப் புத்தகத்தையும்தான் தடுக்க வேண்டி வந்தது. 1940இல் அவர்களது படை பாரிஸுக்குள் நுழைய, அங்கிருந்தும் தப்பியோடினார். 1972இல் பிரான்ஸின் அவிஞ்ஞோனில் காலமானார்.