மதராஸ் ஹெரால்டும் பார்க்டேல் ஸ்பிட்ஃபயரும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலருக்குச் சமீப காலமாக ஒரு புது ஆசை பிறந்திருக்கிறது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக் கடன் தீரும் தறுவாயில் இருக்கிறது. பூஜை முடிந்து பிரசாதத்துக்காக வரிசையில் நிற்கும்போது பேச்சு மெல்லக் கார் பக்கம் திரும்புகிறது. அதுவும் குடும்பத்தோடு போகும் கார் அல்ல. இரண்டே ஸீட்டும் துணிக் கூரையும் கொண்ட, இளமையில் பார்த்து ஏங்கிய ஸ்போர்ட்ஸ் கார். பழையதாக ஒன்று வாங்கிக் கோடையில் மட்டும் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். முதுகு வலிக்கு மருந்து கேட்க வந்தவர்களே இதையும் சேர்த்துக் கேட்பதால், வைத்தியனாகவும் கார் பிரியனாகவும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நானும் இந்த ஆசைக்கு விலக்கானவன் அல்ல. பார்க்டேலில், குவீன் தெருவுக்குப் பின்புறச் சந்தில் உள்ள ஒரு கராஜில், 1968-ஆம் வருடத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3, விலைக்கு நிற்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை கூட வந்த என் மகன், "வாங்கினதும் முதல் வேலையா ஸ்பிரிங்கையெல்லாம் கெட்டியா மாத்தி, வண்டியை ரெண்டு அங்குலம் தாழ்த்திடணும்பா. அப்பத்தான் ரோட்டை விடாமப் பிடிக்கும்" என்றான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சஸ்பென்ஷனைக் கடினமாக்குவதே மேம்பாடு என்று இளைஞர்கள் பலரும் நினைக்கிறார்கள். இந்தக் காரைப் பொறுத்தவரை அது ஆபத்தான எண்ணம். காரணத்தை விளங்கிக்கொள்ளச் சென்னைக்குத்தான் போகவேண்டும்.

ஒரே தாயின் பிள்ளைகள்

இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற கார் வெளிவந்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். 1961 முதல் அதே காரை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. அந்த நாளில் மதராஸில் கார் வைத்திருந்த டாக்டர்களையும் வக்கீல்களையும் நினைத்துப் பாருங்கள். அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்றில் ஒன்றுதான் அநேகமாக அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கும். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின.

இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் மிக்கலோட்டியே வரைந்த இரண்டு ஸீட் உடலைப் பொருத்தி, 1962-இல் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம் என்றால், ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின் சக்கரங்களைத் தாங்கும் விதம் எல்லாம் ஹெரால்டிலிருந்து வந்தவை. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்கள் தயாராகி, அவற்றில் கணிசமான பகுதி அட்லாண்டிக்கைத் தாண்டி வட அமெரிக்காவுக்கு வந்தது. ஆகவே பார்க்டேல் சந்தில் நிற்கும் அந்தச் சிவப்புக் கார் மதராஸ் ஹெரால்டின் உடன்பிறப்பு. குணமும் குற்றமும் இரண்டுக்கும் ஒன்றே.

அந்தக் குற்றம் என்ன?

உள்ளங்கையை மேஜைமேல் சமமாகப் படியவைத்துக் கொள்ளுங்கள். முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்காமல், தோளை மட்டும் மெல்ல உயர்த்திப் பாருங்கள். உள்ளங்கை முழுவதும் படிந்திருக்காது; ஒரு விளிம்பு மேலெழும்பிவிடும். ஹெரால்டிலும் முதல் மூன்று மார்க் ஸ்பிட்ஃபயர்களிலும் பின் சக்கரத்தின் நிலை இதுதான். வண்டியின் நடுவில் டிஃபரன்ஷியல் அசையாமல் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இரு பக்கமும் செல்லும் ஆக்ஸில் தண்டு உட்புறத்தில் மட்டுமே மடங்கும். வெளிப்புறத்தில் மூட்டு இல்லை. சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அதன் சாய்வும் கூடவே மாறுகிறது. இதற்கு 'ஸ்விங் ஆக்ஸில்' என்று பெயர்.

வளைவில் வேகமாகத் திரும்புகிறோம். பாதி வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், அல்லது பிரேக்கை மிதிக்கிறோம். பின்புறத்து எடை முன்னே போகிறது. வண்டியின் பின்பகுதி உயர்கிறது. வெளிப்பக்கத்துப் பின் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கிறது. டயரின் ஒரு விளிம்பு மட்டுமே தரையைத் தொடுகிறது. பிறகு பின்பக்கம் வழுக்குவதற்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும்.

இது டிரையம்புக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவில் ஷெவர்லே நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த கார்வேர் காரிலும் ஸ்விங் ஆக்ஸில்தான் இருந்தது. 1965-இல் ரால்ஃப் நாடர் எழுதிய, கார்களின் பாதுகாப்பைப் பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயம் அந்தக் காரைப் பற்றியதே.

மூன்று வைத்தியங்கள்

ஒரே நோய்க்கு மூன்று ஊர்களில் மூன்று விதமாக வைத்தியம் பார்த்தார்கள்.

சென்னையில் 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக 'கேஸல்' என்ற கார் வந்தது. அதில் ஸ்விங் ஆக்ஸிலை அடியோடு எடுத்துவிட்டு, லாரியில் இருப்பதுபோல் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு ஆக்ஸிலை வைத்தார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழைய அமைப்பு பிடிக்கவில்லை; நம் ரோடுகளுக்கும் எளிய முரட்டு அமைப்பே பொருந்திற்று. சொகுசு கொஞ்சம் குறைந்தாலும் சக்கரம் மடங்கும் கவலை தீர்ந்தது.

டெட்ராய்டில், 1964-ஆம் வருடத்துக் கார்வேரில் பின்புறம் குறுக்கே ஒரு துணைப் பட்டை ஸ்பிரிங்கைச் சேர்த்தார்கள். மறு வருடமே பின் சஸ்பென்ஷனைப் புதிதாக அமைத்தார்கள்.

டிரையம்ப் செய்த வைத்தியம் இன்னும் நுட்பமானது. ஸ்பிட்ஃபயரின் பின்புறத்தில் இரு சக்கரங்களுக்கும் பொதுவாக, குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. பழைய மார்க்குகளில் அதன் பட்டைகள் எல்லாவற்றையும் டிஃபரன்ஷியல்மேல் இறுக்கியிருந்தார்கள். 1970-இல் வந்த மார்க் 4-இல் ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை ஏற்றப் பலகைபோல் நடுவில் ஆடும்படி விட்டார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எல்லாப் பட்டைகளும் சேர்ந்து தாங்கும். வளைவில் சாயும்போது பெரும்பாலான பட்டைகள் எதிர்க்காமல் கூடவே சாய்ந்து கொடுக்கும். சாய்வைத் தடுக்கும் வேலையை, தடிமன் கூட்டப்பட்ட முன்புறத்து ஆண்ட்டி ரோல் பாரிடம் ஒப்படைத்தார்கள். சக்கரம் மடங்கும் குணம் பெருமளவு அடங்கிற்று.

தொழிற்சாலை செய்த மேம்பாடு, பின்புறம் சாய்வை எதிர்க்கும் பலத்தைக் குறைத்ததுதான் என்பதைக் கவனியுங்கள். என் மகன் சொன்னதற்கு இது நேர் எதிர். பழைய ஸ்பிட்ஃபயரின் பின்புறத்தில் கெட்டி ஸ்பிரிங்கைப் போடுவதும், பின்னால் தனியாக ஆண்ட்டி ரோல் பார் மாட்டுவதும் நோயை வளர்ப்பதாகும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மேம்பாட்டைப் பற்றி யோசிக்கும் முன், இருப்பது உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல் ஆபரேஷன் செய்வார் உண்டா?

முதலாவது துரு. டொராண்டோவில் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஸ்பிட்ஃபயரில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. ஹெரால்டின் சட்டத்தில் பக்கவாட்டில் ஓடும் சட்டங்களை இதில் நீக்கிவிட்டதால், கதவுக்குக் கீழே உள்ள பெட்டிபோன்ற பகுதிதான் வண்டியின் பலத்தைத் தாங்குகிறது. பின் ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பிகளும் உடலோடுதான் பொருத்தப்பட்டிருக்கின்றன. அங்கே துரு பிடித்து, மேலே மெழுகிப் பெயிண்ட் அடித்திருந்தால், எந்த ஸ்பிரிங் போட்டும் பயனில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள்; ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, முன் சக்கரத்தின் கீழ் மூட்டு. 'டிரனியன்' என்ற இந்த வெண்கலப் பாகத்துக்குள் இரும்புத் தண்டின் மரைகள் சுழல்கின்றன. இதற்குக் கெட்டி கியர் ஆயில் ஊற்றவேண்டும் என்பதே கம்பெனிக் கையேட்டின் விதி. வருடக்கணக்கில் கவனிக்காவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து, மரை அரித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தடுமாறினால், அந்தப் பாகங்களை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டயர்கள். பூ தேயாமல் புதிதுபோல் இருக்கும். ஆனால் ரப்பர் கட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். பத்து வயதைத் தாண்டிய டயரை மாற்றிவிடுவதே விவேகம்.

நான்காவது, ஸீட் பெல்ட். பெல்ட் அணிவதைக் கனடாவில் முதன்முதலாக 1976 ஜனவரி முதல் தேதி கட்டாயமாக்கியது நம் ஒண்டாரியோதான். பழைய காரில் ஏர்பேக் கிடையாது. ஆகவே பெல்ட் புதிதாகவும் அதன் பிடிப்பு துருவில்லாமலும் இருக்கவேண்டும்.

தனியாரிடம் வாங்கும்போது 'யூஸ்டு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ்' என்ற விவரக் கட்டை விற்பவர் தரவேண்டும் என்பது சட்டம். ரோட்டில் ஓட்ட ஸேஃப்டி சர்டிபிகேட்டும் வேண்டும். அது சோதித்த நாளில் வண்டி இருந்த நிலைக்குத்தான் சாட்சி; நாளைக்கு உத்தரவாதம் அல்ல. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு 'ஹிஸ்டாரிக்' நம்பர் பிளேட் கிடைக்கிறது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டுமே அந்தப் பிளேட்டோடு ஓட்டலாம். ஆகவே கண்டபடி மாற்றுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள். எந்த மாற்றம் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

முதுகும் ஸ்பிரிங்கும்

இனி வைத்தியனாக ஒரு வார்த்தை. உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு, வினாடிக்கு ஏறக்குறைய நான்கு முதல் எட்டு முறை வரையுள்ள அதிர்வுக்கு மிக அதிகமாக ஆடிப்போகிறது. முதுகெலும்பு அதில் அதிகம் அவதிப்படுகிறது. நல்ல சொகுசுக் காரின் ஸ்பிரிங் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க ஆக்க அந்த எண்ணிக்கை உயர்ந்து, உடம்பு வெறுக்கும் அதிர்வை நோக்கி நகர்கிறது. குவீனும் கிங்கும் ரான்ஸஸ்வேல்ஸும் கூடும் சந்திப்பில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளங்கள் பின்னிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பனி உருகும் மார்ச் மாதத்தில் ரோடெல்லாம் குழி. தாழ்த்திக் கெட்டியாக்கிய வண்டியில் அந்தச் சந்திப்பைத் தாண்டினால், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட இடுப்பு மறுநாள் காலையில் கணக்குக் கேட்கும்.

சக்கரம் குழியிலிருந்து எழும்பிக் குதித்தால் அந்த நேரத்தில் அதற்கு ரோடு பிடிப்பு என்பதே இல்லை. பந்தயப் பாதை வழவழப்பாக இருப்பதால் அங்கே கெட்டி ஸ்பிரிங் பலன் தருகிறது. நம் தெருக்களில், குழிக்கேற்ப வளைந்து டயரைத் தரையோடு வைத்திருக்கும் ஸ்பிரிங்கே பாதுகாப்பானது.

என் தீர்மானம்

அந்த 1968 காரைத் தூக்கி நிறுத்தி, அடிப்புறத்தை ஒரு நல்ல மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வாங்குவேன். வாங்கினால் வரிசை இதுதான்: முதலில் தேய்ந்த ரப்பர் புஷ்கள், டிரனியன்கள், டயர்கள். பிறகு நல்ல ஷாக் அப்சார்பர்கள். அதன் பின், மார்க் 4-இல் வந்ததுபோன்ற ஆடும் பட்டை ஸ்பிரிங். அதற்கு ஜோடியாக முன்புறத்துத் தடித்த ஆண்ட்டி ரோல் பார். ஒன்றைப் போட்டு மற்றதை விடக்கூடாது. தாழ்த்தும் வேலை கிடையாது. இதையெல்லாம் படம் வரைந்து காட்டிய பிறகு என் மகனும் ஒப்புக்கொண்டான்; கெட்டி ஸ்பிரிங்குகளுக்காக வைத்திருந்த பணத்தை டயர்களுக்குத் தருவதாகவும் சொன்னான்.

இத்தகைய காரை வாங்கும் அன்பர்களுக்கும், அவர்களிடம் சாவி கேட்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் காலைத் திடீரென்று எடுக்காதீர்கள். புதுச் சாவி கையில் வந்ததும் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் சன்னிதியில் வாகன பூஜை செய்து, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றுவது நம் வழக்கம். அதற்கு முன் அந்தச் சக்கரம் நேராக நிற்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விக்னம் தீர்ப்பவர் விநாயகர். துருவைப் பார்க்கவேண்டியது நாம்.