தாய் கழுதை, தகப்பன் யார்?

குங்கா என்ற பண்டைய விலங்கு பற்றிய செய்தித் துணுக்கு வந்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் மூன்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. இது கோவேறு கழுதைதானே? குதிரை வகையா? வெறும் எலும்பை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? பக்கம் இன்றிரவு அச்சுக்குப் போகிறது. எனவே முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்குப் போகிறேன்.

சிரியாவில் அலெப்போவுக்குக் கிழக்கே உம் எல்-மர்ரா என்றொரு மேடு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளென் ஷ்வார்ட்ஸ் குழு அங்கே சுமார் 4,500 ஆண்டு பழைய பெருந்தலைகளின் கல்லறைகளைத் தோண்டியது. பக்கத்திலேயே விலங்குகளுக்கும் தனிக் குழிகள், முழு முழு எலும்புக்கூடுகள். குதிரைக் குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிந்தது; அதில் எது என்பதில்தான் சிக்கல். வீட்டுக் குதிரை அந்தப் பக்கம் பரவ இன்னும் ஏறக்குறைய 500 ஆண்டு இருந்தது. உடற்கட்டு கழுதைக்குப் பொருந்தவில்லை. காட்டுக்கழுதை என்றால் பல் இடிக்கிறது: அது மேய்ந்து தேய்ந்த பல் அல்ல, கையால் போட்ட தீவனத்தைத் தின்ற பல். கடிவாளம் உரசிய தடமும் அதில் இருந்தது. விலங்கெலும்பு ஆய்வாளர் ஜில் வெபர் இது கலப்பினம் என்று அப்போதே சந்தேகப்பட்டார்.

சந்தேகம் சந்தேகமாகவே நின்றதற்குக் காரணம் உண்டு. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் எனாமல் மடிந்து ஒரு பள்ளம் விழும். கழுதைக்கு அது கூராக இறங்கும், குதிரைக்கு அகன்று வளைந்திருக்கும். பாடப்புத்தகத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கோவேறு கழுதையின் பல்லிலோ அது இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும், இரண்டுக்கும் நடுவிலும் இருக்கும். போதாக்குறைக்கு, வயதாகிப் பல் தேயத் தேயக் கோலமும் மாறும். கலப்பினம் என்று எலும்பை மட்டும் பார்த்து அடித்துச் சொல்பவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பது இதனால்தான்.

2022 ஜனவரியில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் பாரிஸின் ஷாக் மோனோ ஆய்வு நிறுவனக் குழு இதை அவிழ்த்த விதம் ரசிக்கத்தக்கது. வெயிலில் வெந்த சிரிய மண்ணில் மரபணு மிச்சமிருப்பதே அபூர்வம். இருந்ததும் நைந்த துணுக்குகள்தான். ஆனால் கலப்பினத்துக்கு முழு மரபணுத் தொகுதி தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாய்வழியில் மட்டுமே வரும்; ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால் அழுகலுக்குத் தப்பிப் பிழைக்கும். ஒய் குரோமோசோம் தகப்பன் வழி. செல்லுக்கு ஒன்றே ஒன்று என்பதால் பிடிப்பது கஷ்டம். புதைக்கப்பட்டவை ஆண் விலங்குகள் என்பது ஆய்வாளர்களுக்கு அடித்த யோகம். தாய்ச் சாட்சி 'வீட்டுக் கழுதை' என்றது, தகப்பன் சாட்சி 'சிரியக் காட்டுக்கழுதை' என்றது. தூய இனம் எதிலும் இந்த இரண்டும் இப்படி முரண்படாது. இருந்தாலும், பழங்காலத்தில் என்றோ நடந்த கலப்பின் மிச்சம் இது என்று ஒருவர் வாதாடலாம். அதற்குத்தான் மூன்றாவது சோதனை: மீதி மரபணுவில் இரு பெற்றோரின் பங்கும் ஏறத்தாழச் சரிபாதி. கலப்புக் குட்டி மறுபடி கழுதையோடு சேர்ந்து ஈன்றிருந்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆக, இது முதல் தலைமுறைக் குட்டி.

'சிரியக் காட்டுக்கழுதை' என்று பெயர் சொல்ல முடிந்ததும் சும்மா இல்லை. அந்த இனம் 1920களின் பிற்பகுதியில் அற்றுப்போனது. கடைசி விலங்கு வியன்னாவின் ஷோன்புருன் விலங்குக்காட்சி சாலையில் செத்தது. வியன்னா அருங்காட்சியகம் பாதுகாத்த உடல்களும், துருக்கியின் கோபெக்லி தெபேயில் கிடைத்த 11,000 ஆண்டு பழைய எலும்பும் ஒப்பிட இருந்தன. அவை இல்லாவிட்டால் தகப்பன் 'ஏதோ ஓர் ஆசியக் காட்டுக்கழுதை' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

'உலகின் முதல் மரபணுப் பொறியியல்' என்று தலைப்புப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: மனிதர் உருவாக்கிய கலப்பினங்களில் நமக்குச் சான்று கிடைத்தவற்றுள் இதுவே மூத்தது, அவ்வளவுதான். எந்த எலும்பிலும் 'குங்கா' என்று எழுதியிருக்கவில்லை. கழுதையைப் போல ஆறு மடங்கு வரை விலை போனதாகவும் பெரியவர்களின் வண்டி இழுத்ததாகவும் களிமண் பலகைகள் சொல்லும் விலங்கு இதுதான் என்பது அனுமானம். நல்ல அனுமானம், நானும் ஏற்கிறேன்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஏன் இவ்வளவு விலை? குங்கா குட்டி போடாது. ஒவ்வொரு தடவையும் காட்டு ஆணைப் பிடித்துவர வேண்டும்.

தாய் ஏன் காட்டு விலங்காக இல்லை? சினைப்பட்டு ஈனும் வரை தொழுவத்தில் நிற்கக் கூடியது கழுதைதான்.

யார் வளர்த்தார்கள்? நாகர் நகரம், இன்றைய டெல் பிராக். எப்லா நகரம் அங்கிருந்து வாங்கியது.

பெண் குங்கா? உழவுக்கு.

சுமேரியரின் 'உர் பதாகை' சித்திரத்தில் வண்டி இழுப்பவை? பெரும்பாலும் குங்காதான், ஆனால் சித்திரத்தில் டிஎன்ஏ எடுக்க முடியாது.

மறுபடி உருவாக்கலாமா? முடியாது, தகப்பன் இனமே இல்லை.

கட்ச் ரண்ணில் ஓடுவது அதுவா? இல்லை, ஆசியக் காட்டுக்கழுதையின் இன்னொரு துணையினம், பங்காளி முறை.

அதே கட்ச்சில், சுர்கோட்டடா என்ற ஹரப்பா கால ஊரில் கிடைத்தது குதிரைப் பல்தானே? ஆம் என்றார் விலங்கெலும்பு ஆய்வாளர் சாந்தோர் போகோனி, நிரூபணமாகவில்லை என்றார் அதே துறையின் ரிச்சர்ட் மெடோ. இருவரும் வாதாடியது பல், எலும்பின் வடிவத்தை வைத்து.