சர்ஜனை எடைபோடுதல்: உடல், பிழை, அதிகாரம்

மருத்துவரைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு மொழிகள்தான் இருக்கின்றன. ஒன்று தெய்வ மொழி: 'சாமி மாதிரி வந்து காப்பாத்துனாரு'. மற்றது கொலை மொழி: 'நடந்து போன புள்ளைய கொன்னு குடுத்துட்டானுங்க'. முதலாவது பழத்தட்டோடு டாக்டர் வீட்டுக்குப் போகும். இரண்டாவது ஆஸ்பத்திரி வாசலில் சாலை மறியலாக உட்காரும். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். மருத்துவர் என்ன செய்தார், எப்போது செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று செயலைப் பிரித்துப் பார்க்க அவை நம்மை விடுவதில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில், தன் தாய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சை சரியில்லை என்று நம்பிய ஒரு மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். அந்தக் கத்தியை நியாயப்படுத்த எதுவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் பாதுகாப்பைப் பற்றித்தான். சிகிச்சை சரியா தவறா என்பதை ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே போய், எந்த அளவுகோலை வைத்துக் கேட்பது என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப் போனது.

அந்த அளவுகோலைப் பற்றி யோசிக்க எடைக்குறைப்பு அறுவையை எடுத்துக்கொள்கிறேன். சாகக் கிடந்து தூக்கிக்கொண்டு போகிற அறுவை அல்ல இது. தேதி குறித்து, கடன் வாங்கி, தன் காலால் நடந்துபோய்ப் படுக்கிற அறுவை. இன்னொன்று, அங்கே படுக்கிற உடல் ஏற்கெனவே குற்றவாளி என்று தீர்ப்பெழுதப்பட்ட உடல்.

'ஸ்லீவ்' என்கிறார்கள், சட்டைக் கை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளர் வரிசையால் மூடி ஒரு குழாய்போல ஆக்குவது. 'பைபாஸ்' என்பது இரைப்பையைச் சிறு பையாகத் தடுத்து, குடலின் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து இணைப்பது. யாருக்குச் செய்யலாம் என்பதற்கு 1991இல் அமெரிக்காவில் ஒரு வரையறை வகுத்தார்கள்: உடல் நிறை எண் 40, அல்லது கூடவே நோய்கள் இருந்தால் 35. 2022இல் இத்துறையின் இரண்டு பெரிய சங்கங்கள் கூடி அதைக் கீழே இறக்கின. ஆசியர்களுக்கு 27.5ஐத் தாண்டினாலே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றன. எண்ணை நகர்த்தினால் நோயாளிகளின் எண்ணிக்கையும் நகரும், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த அறுவையையே மோசடி என்று தள்ளுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பலருக்குச் சர்க்கரை அடங்குகிறது, மூச்சுத்திணறல் இல்லாமல் தூங்குகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஸ்டேப்ளர் வரிசையில் ஓர் இடம் பிடிக்காமல் போனால் இரைப்பையிலிருப்பது வயிற்றுக்குள் கசியும். அதுதான் லீக். நூறு பேருக்குச் செய்தால் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். தேர்ந்த கைகளிலும் வரும். பெரும்பாலும் உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற மேல்முனையில் வரும். பல சமயம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு வாரம் பத்து நாளில் வரும். பருத்த உடலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இறுக்கம் சரியாகத் தெரியாது. ஸ்கேன்கூடச் சில நேரம் தவறவிடும். முதலில் காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்புதான். அது 120ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை லீக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இத்துறையில் பாலபாடம்.

என் அக்கா விழுப்புரம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் செய்துகொண்டாள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் இடது தோள்பட்டையில் வலி, லேசான ஜுரம். மாமா போன் செய்தார். எடுத்தது சர்ஜன் அல்ல, 'கோ-ஆர்டினேட்டர்' என்ற பெண். "கஞ்சிய வேகமா குடிச்சிருப்பாங்க சார், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க." மறுநாளும் அதே பதில். உள்ளூர் டாக்டர் ஒருவர்தான் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "128 இருக்கு, இப்பவே கிளம்புங்க" என்றார். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சேர்த்தோம். சர்ஜன் ஊரில் இல்லை. இளம் டாக்டர் வந்தார், வலிக்கு ஊசி போட்டார், "மேடம், உண்மையச் சொல்லுங்க, ஏதாச்சும் கெட்டியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். திங்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் ஸ்கேன். முப்பத்தாறு மணி நேரம். அப்புறம் வயிற்றில் வடிகுழாய், உள்ளே ஸ்டென்ட், குடலில் உணவுக்குழாய், ஏழு வாரம். 'பேக்கேஜ்' என்று பேசிய தொகைக்குள் இதெல்லாம் அடங்காதாம்.

சர்ஜன் திங்கள் மதியம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அடுத்த ஏழு வாரமும் ஒரு நாள் தவறாமல் பார்த்தார், தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார். இந்த மனிதரை எப்படி எடைபோடுவது? மாமாவுக்கு அவர் கொலைகாரர், அம்மாவுக்குக் கடவுள்.

சர்ஜன்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை, சார்லஸ் பாஸ்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு போதனா மருத்துவமனையில் கூடவே இருந்து கவனித்து, 1979இல் புத்தகமாக எழுதினார். அவர் கண்டது வெளியிலிருக்கிற நமக்கு வியப்பைத் தரும். கை தவறிய பிழையை அவர்கள் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறார்கள், உடனே சொல்லி, உடனே சரிசெய்ய முனைந்தால். கணிப்பு தவறினாலும் அப்படியே. மன்னிக்காதது இன்னொரு வகை. கூப்பிட்டபோது வராதது, தெரிந்ததை மறைத்தது, பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது, குடும்பத்தோடு நேர்மையாகப் பேசாதது. இது திறமைப் பிழையல்ல, ஒழுக்கப் பிழை. இதைச் செய்தவனை 'இவன் நம்ம ஆளில்ல' என்று ஒதுக்குகிறார்கள். (பெரிய டாக்டருக்குப் பிடித்த நூலால் தைக்காததும் குற்றம்தான் என்று நான்காவதாக ஒரு வகையையும் பாஸ்க் குறிப்பிடுகிறார். நம் கல்லூரித் துறைத்தலைவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அவர் காட்டுகிற இன்னொன்றுதான் முக்கியம்: இந்தத் தராசு கீழே இருப்பவர்களை மட்டுமே நிறுக்கிறது. தலைமை சர்ஜனை நிறுப்பது அவருடைய மனசாட்சி ஒன்றுதான்.

இந்தத் தராசை நாம் கைப்பற்ற வேண்டும் என்பதே என் வாதம். அக்காவுக்கு லீக் வந்தது என்பதால் மட்டும் அந்த சர்ஜன்மேல் எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் போனை எடுத்த பெண்ணில் தொடங்கி அந்த முப்பத்தாறு மணி நேரத்தின் மேல். தான் ஊரில் இல்லாதபோது யார் முடிவெடுப்பது என்ற ஏற்பாட்டைச் செய்யாமல் போனது கைத்தவறல்ல. ஏழு வார அக்கறை உண்மையானதுதான், ஆனால் அது ஸ்கேனுக்குப் பிந்தியது. அதைக் கொண்டுவந்து ஸ்கேனுக்கு முந்திய தட்டில் வைக்க முடியாது.

இதற்கு எண்களின் ஆதரவும் உண்டு. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அறுவைக்குப் பின் அதிகம் பேர் இறக்கிற மருத்துவமனைகளையும் குறைவாக இறக்கிற மருத்துவமனைகளையும் ஒப்பிட்டது. சிக்கல் வருகிற விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நூற்றுக்கு 25 பேர் சுமார். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் ஓரிடத்தில் 12.5 சதவீதம் பேரும் இன்னோரிடத்தில் 21.4 சதவீதம் பேரும் இறந்தார்கள். 'மீட்கத் தவறுதல்' என்று இதற்குப் பெயர். யார் கவனித்தார்கள், எவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் கைத்திறன் பொருட்டே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எடைக்குறைப்பு சர்ஜன்கள் 20 பேர் தாங்கள் செய்த பைபாஸ் அறுவை ஒன்றின் வீடியோவைக் கொடுத்தார்கள். யார் கை என்று தெரியாமல் சக சர்ஜன்கள் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல், முதல் கால்பங்கில் 5.2 சதவீதம்தான். ஆக ஒரே ஒரு லீக்கை வைத்துக் கையை எடைபோட முடியாது, நூறு அறுவையை வைத்து முடியும். அந்த நூறின் கணக்கு யாரிடம் இருக்கிறது? ஒவ்வொரு சர்ஜனுடைய கணக்கையும் நோயாளி பார்க்கிற மாதிரி நம் நாட்டில் ஏற்பாடில்லை. விளம்பரத்தில் 'முன் - பின்' படங்கள் மட்டும் இருக்கும். அதில் வடிகுழாயோடு யாரும் நிற்க மாட்டார்கள்.

சட்டத்தின் தராசு வேறு மாதிரி. 1957இல் இங்கிலாந்தில் மின்னதிர்ச்சி சிகிச்சையில் இடுப்பெலும்பு உடைந்துபோன ஒரு மனநோயாளியின் வழக்கில் பிறந்த 'போலம்' அளவுகோல்தான் நமக்கும் வந்து சேர்ந்தது. பொறுப்பான சக மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கிற முறையில் செய்திருந்தால் அது கவனக்குறைவு அல்ல. 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி அதற்குள் வராது, அதாவது காசு கொடுத்தவனுக்குத்தான் அந்தக் கதவு. 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், குற்ற வழக்குக்கு 'மிக மோசமான' கவனக்குறைவு தேவை என்றது. நம்முடைய கதைக்கு நெருக்கமானது 1997இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த பொலித்தோ வழக்கு. மூச்சுத்திணறிய இரண்டு வயதுக் குழந்தை, நர்ஸ் கூப்பிட்டும் டாக்டர் வரவில்லை. வராதது தவறென்று மருத்துவமனையே ஒப்புக்கொண்டது. ஆனால் வந்திருந்தால் குழந்தையைக் காப்பாற்றுகிற அந்தக் காரியத்தைச் செய்திருப்பாரா என்ற கேள்வியில் குடும்பம் தோற்றது. சனிக்கிழமை இரவே ஸ்கேன் எடுத்திருந்தாலும் ஏழு வாரம் ஏழு வாரம்தானே என்று ஒரு வக்கீல் நாளைக்கு எங்களிடமும் கேட்கலாம்.

சட்டமும் பாஸ்க்கும் தொடாத இடம் ஒன்று உண்டு. 'கெட்டியா சாப்பிட்டீங்களா' என்ற கேள்வி. மருத்துவப் பார்வையின் வரலாற்றை எழுதியபோது (1963) ஃபூக்கோ ஒரு மாற்றத்தைக் குறித்தார். 'உங்களுக்கு என்ன' என்ற பழைய கேள்வி 'எங்கே வலிக்கிறது' என்று மாறியதாம். பருத்த உடலிடம் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: 'நீ என்ன செய்தாய்?' வலி அங்கே அறிகுறி அல்ல, சாட்சியம். கட்டுப்பாடில்லாமல் தின்றுதான் இப்படியானாள் என்பது முன்முடிவு. அறுவைக்குப் பிறகு வாந்தி எடுத்தால் மறுபடி தின்றிருக்கிறாள் என்பது அதன் நீட்சி. 'ஒத்துழைக்காத நோயாளி' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அவள் சொல்வது எதுவும் காதில் விழாது. பெண்ணாக இருந்தால் கூடுதலாக 'பயந்த சுபாவம்' என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லீங்க, உயிர்ப் பிரச்சினை. இந்த அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் வாந்தி நீடித்தால் உடம்பில் தயமின் தீர்ந்துபோகும். கண் அசைவு கோணும், நடை தடுமாறும், குழம்பிப் பேசுவார்கள். தவறவிட்டால் நினைவு திரும்பாமலே போகலாம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசம். பழைய சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி தின்றவர்களிடம் இருந்த பெரிபெரியின் உறவுக்காரன்தான் இது. புழுங்கலரிசி நம்மை அதிலிருந்து காப்பாற்றியது. ஏழைகளின் நோய் இப்போது லட்சக்கணக்கில் பணம் கட்டிய வார்டுக்கு வந்திருக்கிறது, வாந்தியைத் திருட்டுத் தீனியாகப் படிக்கிற கண்களுக்கு அது தெரிவதில்லை. அக்காவுக்கு இந்தக் கதி வராததற்குக் காரணம், மூன்றாம் வாரம் ஒரு பயிற்சி டாக்டர் கேட்காமலே அந்த ஊசியை எழுதியது.

சரி, தராசுத் தட்டில் வைக்க நம் கையில் என்ன இருக்கிறது? காகிதம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடாதீர்கள். அது முடிந்த பிறகு எழுதப்படுகிற கதை. நர்ஸ் சார்ட்டைக் கேளுங்கள், அழைப்புக் குறிப்புகளைக் கேளுங்கள், ஒப்புதல் படிவத்தைக் கேளுங்கள். 2008இல் சமீரா கோலி வழக்கில், ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும் ஒப்புதலுக்கு முன் போதிய தகவல் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அக்கா கையெழுத்துப் போட்டது பதினோரு பக்க ஆங்கிலப் படிவம். 'லீக்' என்ற சொல் ஏழாம் பக்கத்தில் மயிருதிர்தலுக்கு அடுத்து வருகிறது.

நாங்கள் சார்ட்டை வாங்கினோம். சனி இரவு பத்து மணிக்கு 118, இரண்டு மணிக்கு 124, காலை ஆறுக்கு 130. பெயர் தெரியாத ஒரு நர்ஸ் நான்கு மணிக்கொருதரம் ஒழுங்காக எழுதியிருக்கிறாள். ஞாயிறு காலை அவளே 'டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்றும் எழுதியிருக்கிறாள். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அக்கா இன்னும் பி12 ஊசிக்கு அதே சர்ஜனிடம்தான் போகிறாள். "கை நல்ல கைடா, அன்னிக்கு ஊர்ல இல்ல, அவ்ளோதான்" என்கிறாள். நான் சார்ட்டைக் காட்டி வாதாடுகிறேன். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருஷம்தான் கெடு, அது போன மாசியோடு முடிந்துவிட்டது. மருத்துவக் கவுன்சிலுக்கான புகாரில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். பேனாவை நீட்டினால் தேர்வுத்தாள் திருத்த வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறாள்.